எலும்பு கழலும் நேரம்

நான்காவது முறையும் கறி பிரியவில்லை. கலாதேவி முள்கரண்டியைக் குத்தி இழுத்தாள். துண்டு முழுசாகக் கரண்டியோடு மேலே வந்தது. காலை ஆறு மணிக்கு அடுப்பில் ஏற்றியது, மணி எட்டாகிவிட்டது. ஏழு மணிக்கு இருந்ததைவிட இப்போது இன்னும் இறுகியிருந்தது. அதுதான் அவளுக்குப் புரியவில்லை. வேக வேக இளகத்தானே வேண்டும்?

கூடத்துக் கட்டிலில் அவள் கணவர் பத்துமலை கண்ணை மூடிக் கிடந்தார். முப்பது வருடம் லோரி ஓட்டிய மனிதர். தொண்டையில் நோய் வந்து, சிகிச்சைக்காகப் பற்களையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு முன் மகள் தினேஸ்வரி ஈப்போ டவுனில் ஒரு காப்பிக் கடையிலிருந்து ரொட்டி வாங்கி வந்தாள். உள்ளே நூல் நூலாகப் பிரித்த பன்றிக் கறி. ஒவ்வொரு நூலாக நாக்கில் வைத்துக் கரைத்து, அவர் முழுசையும் தின்றார்.

"கலா, இது மாரி வீட்டுல செய்ய முடியுமா?"

அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. நேற்று வந்த நர்ஸ், கலாதேவியை வாசலுக்கு அழைத்து, "இன்னிக்கோ நாளைக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று முறை அவள் செய்து கொடுத்ததையும் அவர் வாயில் வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கு" என்றார். நேற்று தலையணை உறை மாற்றும்போது அடியில் டிஷ்யூ பேப்பர் உருண்டைகள் கிடந்தன. ஐந்து. உள்ளே துப்பிய கறிதான் என்று பிரித்துப் பார்க்காமலே தெரிந்தது.

அவள் கறித்துண்டு ஒன்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொண்டு பாசார் சந்தைக்குப் போனாள். கறிக்கடைச் சீன முதலாளி, தவுக்கே, அதை விரலால் அமுக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி, இது என்ன, சிலிப்பரா?"

"உங்க கடைதான் தவுக்கே. முதுகுக் கறி. கொழுப்பே இல்லாதது, வெல கூடுனது."

"யாருக்கு?"

"வீட்டுக்காரருக்கு. முடியாம இருக்காரு. பல்லு இல்ல."

தவுக்கே சிரிப்பை நிறுத்தினார். கத்தியை வைத்துவிட்டுத் தன் முதுகைத் தொட்டுக் காட்டினார். "இங்க வேலை இல்ல. சும்மா இருக்கும். கொஞ்ச நேரம் சமைச்சா நல்லா இருக்கும். ரொம்ப நேரம் போட்டா தண்ணி எல்லாம் வெளிய போயிரும், கட்டையாயிரும்." பிறகு தோளைத் தட்டினார். "பன்னி தலை எவ்ளோ பாரம்? எல்லாம் இதுதான் தூக்குது. நடக்குது, மண்ணு தோண்டுது."

எலும்போடு ஒரு முன்னங்கால் தோளை எடுத்துப் பலகையில் போட்டார். வெட்டிய பக்கத்தில் சதைக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகச் சவ்வு ஓடியது. இத்தனை வருடமும் அவள் கையால் தள்ளிவிட்ட கறி அது. நோயாளிக்கு யாராவது கொழுப்பும் சவ்வும் கொடுப்பார்களா என்றுதான் நினைத்திருந்தாள்.

"ஆட்டுக்கால் சூப்பு ஆறுனா கெட்டியாயிரும்ல? அந்தப் பசை இதுலேருந்துதான் வருது. சின்ன நெருப்பு, மெதுவா. பசை கரைஞ்சா சதைக்கு நடுவுல போயி எண்ணெய் மாரி நிக்கும். அப்பதான் பிரியும்."

"எவ்ளோ நேரம் தவுக்கே?"

"மணி கேக்காத. எலும்பு தானா கழண்டு வரணும். நடுவுல ரொம்ப இறுகும், பயந்துராத. சாபார் லா தங்கச்சி, பொறுமையா இரு."

அவர் வழக்கம்போலத் துண்டு போடக் கத்தியைத் தூக்கவில்லை. முழுசாகவே கட்டிக் கொடுத்தார்.

ஒன்பதரைக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். மஞ்சளும் மிளகும் பூண்டும் கொஞ்சம் தண்ணீரும், மூடி இறுக்கமாக. பத்துமலை வாசனைக்குக் கண் திறந்தார்.

"இன்னும் எவ்ளோ நேரம்?"

"மத்தியானத்துக்குள்ள ஆயிரும்ங்க."

"லோரியே தைப்பிங் போயி வந்துரும்" என்றார். உதடு மட்டும் அசைந்தது. சிரிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒன்று இருபதுக்கு அவள் மூடியைத் திறந்தாள். கறி கல்லாக இருந்தது. தவுக்கே சொன்ன இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். நெருப்பைக் கூட்டலாமா என்று கை போனது. கூட்டவில்லை.

"அம்மா" என்று தினேஸ்வரி கூடத்திலிருந்து கூப்பிட்டாள்.

"இரு, வாரேன்."

மூடியைச் சரியாகப் பொருத்தி, நீல நெருப்பைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனாள். தினேஸ்வரி அப்பாவின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அந்த நிற்பிலேயே தெரிந்துவிட்டது.

சுங்கை சிப்புட்டிலிருந்து வந்து இரண்டு நாளாக வீட்டில் தங்கியிருந்த நல்லம்மாள் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதபடியே எழுந்து சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தாள்.

"சாவு வீட்டுல நெருப்பு எரியக்கூடாது கலா. அதத் தூக்கி வெளிய கொட்டச் சொல்லு."

கலாதேவி சமையலறைக்குப் போய்ச் சூடான சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு நின்றாள். கொட்டவும் இல்லை, இறக்கி வைக்கவும் இல்லை. அழுகைச் சத்தம் கேட்டுப் பின்வாசல் வழியாக ஓடிவந்த பக்கத்து வீட்டுத் துளசி, அவளையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"குடுங்கக்கா. என் வீட்டுல அடுப்பு எரியலாம்."

"சின்ன நெருப்பு" என்றாள் கலாதேவி. "அடிக்கடி திறக்காத. எப்ப எலும்பு கழலுதுன்னு மணி பாத்துச் சொல்லு."

துளசி சட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

கூடத்துச் சாமான்கள் வெளியே போயின. வாசலில் கூடாரம் போட்டார்கள். பத்துமலைக்குச் சவப்பெட்டி வந்தது. யார் யாரோ கலாதேவியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பைத்தியம் பிடித்தவள்போல் உட்கார்ந்திருக்கிறாள், ஓவென்று அழச் சொல்லுங்கள் என்று நல்லம்மாள் யாரிடமோ சொன்னாள்.

நான்கு மணிக்குத் துளசி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் பூண்டு வாசனை.

"கழண்டுருச்சுக்கா. சும்மா இழுத்தேன், எலும்பு வழுக்கிக்கிட்டு வந்துருச்சு. கறி கரண்டி பட்டாலே பிரியுது."

"எத்தன மணிக்கு?"

"மூணு அம்பத்தஞ்சு. நான் அடுப்புல வச்சது ஒண்ணே முக்கா."

கலாதேவி தன் அடுப்பில் இருந்த நேரத்தையும் துளசி அடுப்பில் இருந்த நேரத்தையும் மனசுக்குள் கூட்டினாள். பிறகு தலைமாட்டில் இருந்த மகளைக் கையசைத்துக் கூப்பிட்டாள். தினேஸ்வரி குனிந்து காதைக் கொடுத்தாள்.

"எட்டாம் நாள் அப்பாவுக்குப் படைக்கணும்ல, எழுதி வச்சுக்க. முன்னங்கால் தோளு. எலும்போட, முழுசா. சின்ன நெருப்பு. ஆறு மணி நேரம்."