மேலத்தெருவில் தயிர் தோயாத மாதங்கள்

குரும்பலூர் மேலத்தெருவில் பரிமளா தன் பிள்ளையைப் பதின்மூன்று மாதம் சுமந்தாள். அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் கம்பெனி ஆபீசர் ஒருவர் பதில் சொல்லாமல் இருந்ததுதான் அதற்குக் காரணம் என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு மட்டும் கொஞ்ச நாள் சந்தேகம் இருந்தது, பிறகு அவரும் விட்டுவிட்டார்.

பரிமளாவின் நாத்தனார் வெற்றிச்செல்வி எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. படித்து முடித்ததிலிருந்து பெரம்பலூர் டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஊரார் மார்க் ஷீட்டுக்கெல்லாம் நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பன் காலம்வரை அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்த குடும்பம். அண்ணன் பாலாஜி லோடு ஆட்டோ ஓட்டித்தான் அவளைப் படிக்கவைத்தான். சிமெண்ட் கம்பெனி லேபில் ஆள் எடுக்கிறார்கள் என்று இண்டர்வியூவுக்குப் போனவள், கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னாள். போய்விட்டு வாங்க, சொல்லி அனுப்புகிறோம் என்றார் ஆபீசர். அன்று சாயங்காலம் அவள் அம்மா வீரம்மாள் அடுப்பில் வைத்த பால் பொங்கி, விளிம்புவரை வந்து, அப்படியே நின்றது. வழியவும் இல்லை, இறங்கவும் இல்லை. வீரம்மாள் கேஸ்காரனைத் திட்டிவிட்டுப் படுத்தாள்.

ஒரு வாரத்துக்குள் தெரு முழுக்க அதே கதைதான். தயிர் தோயவில்லை. அடைக்கு வைத்த கோழி உட்கார்ந்தது உட்கார்ந்தபடி மெலிந்துபோனது. புதிதாகப் போட்ட மாடித் தளம் இறுகாமல் கொழகொழவென்று கிடக்க, வாடகைக்கு விட்ட சென்ட்ரிங் பலகையைக் கேட்டுப் பலகைக்காரன் தினமும் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனான். தெருமுனைக்கு அந்தப் பக்கம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஜனங்களும் என்ன செய்வார்கள், அங்கே போய்த் தயிர் வாங்கிக்கொண்டார்கள்.

வெற்றிச்செல்விக்கு இருப்புக்கொள்ளவில்லை. குளிக்கப் போனாலும் போனைச் சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். சிம்மில் கோளாறோ என்று அண்ணனைப் பக்கத்து அறையிலிருந்து கூப்பிடச் சொல்லிப் பார்த்தாள். போன் அடிக்கும்போதெல்லாம் தெருவில் எல்லா வீட்டுப் பாலும் ஒரு விரல் உயரும். லோன் வேணுமா மேடம் என்ற குரல் கேட்டதும் பழையபடி இறங்கும். "ஏண்டி வெற்றி, உங்க ஆபீசரு எப்பத்தான் வாயத் தொறப்பாரு? எங்க வூட்டுக் கோழி செத்துரும் போலருக்கு" என்று எதிர்வீட்டு மருதாயி வாசலிலிருந்தே கத்துவாள். இவள் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போய் அழுவாள்.

பரிமளாவுக்குப் பத்தாம் மாதம் வலி வந்து, ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிட்டது. ஸ்கேனில் பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். அந்தத் தேதி வரவே இல்லை, முந்தின நாள் முடிந்ததும் நேராக அதற்கு அடுத்த தேதி வந்துவிட்டது. மாரியம்மன் கோயிலில் பூ கேட்டார்கள். அம்மன் தோளிலிருந்து நழுவிய பூ வலப்பக்கமும் விழாமல் இடப்பக்கமும் விழாமல் நடுவில் அந்தரத்தில் நின்றது. பூசாரி அதைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

பதின்மூன்றாம் மாதம் ஒருநாள் பரிமளா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நாத்தனார் எதிரில் நின்றாள். "வெற்றி, எனக்கு இடுப்பு வுட்டுப்போச்சு. ஆமாவோ இல்லையோ, நீயே போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துரு."

"கேட்டா இல்லன்னுருவாங்க அண்ணி."

"தெரியும். அதுக்குப் பயந்துதான் நீ கேக்கல. நீ கேக்காத வரைக்கும் இது வெளிய வராது."

வெற்றிச்செல்விக்குச் சுருக்கென்றது. அந்த வேலைக்கு அவள் அவ்வளவு ஆசைப்பட்டாள். பதில் வராத வரைக்கும் அது தனக்குத்தான் என்று வைத்திருந்தாள். இண்டர்வியூவுக்குப் போட்ட அதே சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினாள்.

கம்பெனி கேட்டில் இருந்த செக்யூரிட்டி நல்ல மனுஷன். உள்ளே போன் போட்டுக் கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அந்த வேலைக்கு அப்பயே ஆளு எடுத்துட்டாங்களாம்மா. கெடைக்காதவங்களுக்குச் சொல்லுற வழக்கம் இல்லியாம்." அவள் சரிங்க என்றாள். சாலையைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. இத்தனை மாதத்தில் அவள் பதறாமல் எடுத்த முதல் போன் அது. பாலாஜி பேசினான். பெண் குழந்தை. நாலு பல் முளைத்திருந்தது, முடி கழுத்துவரை இருந்தது, பிறந்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. பதின்மூன்று மாதம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நர்ஸ் ஜடை போட்டுவிட்டாளாம்.

ஆஸ்பத்திரியில் வெற்றிச்செல்வி, இல்லையாம் அண்ணி என்று ஒரே வார்த்தையில் சொன்னாள். சொன்னதும் தாங்க முடியவில்லை, குலுங்கிக் குலுங்கி அழுதாள். "அழுதுக்க. புள்ளைய மடியில வச்சிக்கிட்டு அழு" என்றாள் பரிமளா. குழந்தை அத்தையின் துப்பட்டாவைப் பிடித்துக் கடிக்க ஆரம்பித்தது.

மறுவருஷம் பாடாலூரில் மாட்டுத்தீவனக் கம்பெனி ஒன்றில் லேப் வேலைக்குக் கூப்பிட்டார்கள். கேள்வியெல்லாம் கேட்டு முடித்து, நீங்க கிளம்பலாம் என்றார் மேனேஜர். அவள் எழுந்திருக்கவில்லை.

"சார், கோவிச்சுக்காதீங்க. எங்க தெருவுல ரெண்டு பேரு மாசமா இருக்காங்க. எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிருங்க."

"எந்த ஊரும்மா?"

"குரும்பலூருங்க. மேலத்தெரு."

மேனேஜர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு முதலாளிக்குப் போன் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்கள். அதற்குப் பிறகு பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் மேலத்தெருக்காரர்களுக்கு மட்டும் அன்றைக்கே முடிவைச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் சொல்லிவிடுகிறார்கள்.