வெள்ளைக் குதிரைக்கு ஒரு கறுப்புப் பொட்டு

எழுபத்தெட்டாம் வருஷம் ஈப்போ குதிரைப் பந்தயத் திடலில் அரபுக் குதிரைகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். கோப்பெங் பக்கத்தில் பழைய ரப்பர்த் தோட்டத்தை வாங்கியிருந்த எங்கள் முதலாளி தேனப்பன், தன் வெள்ளைக் குதிரை முல்லையின் பெயரைக் கொடுத்துவிட்டு, குதிரையைப் பார்த்துக்கொள்ளும் என் வீட்டுக்காரரிடம் வந்தார்.

“சன்னாசி, பரிசு ரிப்பன் வாங்கிட்டா இங்கயே குட்டி போட வச்சுக்கலாம். இல்லேன்னா லூமுட்டுக்குக் குடுத்துருவேன். கடக்கரையில வர்றவங்கள ஏத்திக்கிட்டு சுத்தட்டும்.”

சன்னாசி சரியென்று தலையாட்டினார். முல்லை பிறந்தபோது கையில் ஏந்தியவர். அந்த மனுஷருக்கு வாய் எதற்கு இருக்கிறது?

இந்தப் போட்டியில் சவாரி கிடையாது, சேணம் கிடையாது. தலைக்கயிற்றைப் பிடித்து நடத்திக் காட்டி, அசையாமல் நிறுத்த வேண்டும். நடுவர் உடம்பு, கால், நடை எல்லாம் பார்ப்பார். சன்னாசி தோட்டத்து மண்பாதையில் தினமும் அவளை நடத்திப் பழக்கினார். நான் தேய்த்துக் குளிப்பாட்டினேன்.

போட்டியன்று காலை லாரியிலிருந்து இறங்கியதும் சனமெல்லாம் முல்லையையே பார்த்தது. அப்படி மின்னினாள். என் மனசு கேட்குமா? விளக்கெண்ணெயில் குழைத்த மையை டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். சன்னாசி தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், முன்னங்காலில் முட்டிக்குக் கீழே பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தேன். முகத்தில் வைத்தால் அவர் பார்த்துத் துடைத்துவிடுவார்.

முல்லை ராணி மாதிரி நடந்தாள். நின்றாள். வெள்ளைக்கார நடுவர் சுற்றிவந்து காலருகே குனிந்தார். அவர் முகம் மாறியது. கூட இருந்த மலாய் அதிகாரி சன்னாசியிடம் மலாயில் கேட்டார்: “காயத்தை மறைக்கச் சாயம் பூசினாயா? அப்படியென்றால் குதிரையை வெளியே கொண்டு போ.”

சன்னாசி அப்போதுதான் பொட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

தடுப்புக் கம்பிக்கு அடியில் குனிந்து ஓடினேன்.

“காயமும் இல்ல, கீயமும் இல்ல லா! ஊர்க்கண்ணு படக்கூடாதுன்னு நாந்தான் வச்சேன்!” என்று தமிழில் கத்தி, பிறகு தெரிந்த மலாயில் அதையே சொன்னேன். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு நடுவரிடம் ஆங்கிலத்தில் விளக்கினார்.

முந்தானையால் துடைத்தேன். பாழாய்ப்போன மை! துடைக்கத் துடைக்கக் கால் முழுக்கப் பரவியது. கூட்டம் விசில் அடித்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்துக் குதிரைகள் மிரண்டு துள்ளின. முல்லை மட்டும் என் தலையை மோந்துகொண்டு அப்படியே நின்றாள். கடைசியில் நடுவரே குந்தி உட்கார்ந்து, கால் எலும்பை விரலால் நீவிப் பார்த்தார். எழுந்து மூக்கைச் சொறிந்தார்; விரலும் கறுப்பு, மூக்கும் கறுப்பு.

இரண்டாம் பரிசு எங்களுக்கு. “இத்தனை களேபரத்திலும் அசையாமல் நின்றது இது ஒன்றுதான் என்கிறார் நடுவர்,” என்றார் அதிகாரி.

தேனப்பன் நீல ரிப்பனைத் தடவிப் பார்த்தார். “லூமுட் வேணாம் சன்னாசி. லாரியில ஏத்தி வீட்டுக்கே அனுப்பு. நீங்க ரெண்டு பேரும் என் கார்ல வாங்க.”

சன்னாசி முல்லையின் கழுத்தில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதலாளியின் காரில் யார் ஏறுவார்கள்? லாரியின் பின்னால், முல்லைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக, கோப்பெங் வரை நின்றுகொண்டே போனோம்.