சாய்ந்த வீடுகள் மாடி ஏறிய கதை

மூன்றாவது மாடிக்குப் போகிற படிக்கட்டின் திருப்பத்தில் அந்தப் பலகை மாட்டிக்கொண்டது. இப்படித் திருப்பினால் கைப்பிடி இடித்தது, அப்படித் திருப்பினால் சுவர் இடித்தது. ஆளுயரத்துக்கும் மேலான ஒட்டுப்பலகை. அதன் முகம் முழுக்க ஒரு பழைய ஊர். தெரு இருக்கவேண்டிய இடத்தில் வாய்க்கால், அதன் கரையில் தோளோடு தோள் ஒட்டிய ஒல்லி வீடுகள். காலண்டர் படத்தைப் பார்த்துத் தையல்காரம்மாவே தீட்டியது. அவர்தான் இன்று குடிவருகிறார்.

“ரெண்டா அறுத்துடலாமா?” கீழ்க்கடைத் தச்சர் ரம்பத்தோடு வந்து நின்றார்.

தையல்காரம்மாவுக்கு முகம் செத்துப்போனது. “வேற வழி இல்லைன்னா அறுங்க. ஆனா நான் அந்தப் பக்கம் போயிடறேன்.”

சுமை தூக்குகிறவருக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் கேள்வியார். முதுகு ஒடிந்தாலும் வாய் ஓயாது. பலகைக்கு முட்டுக் கொடுத்தபடியே, மூக்குக்கு நேரே இருந்த வீட்டை உற்றுப் பார்த்தார்.

“ஏம்மா, ஒவ்வொரு வீட்டு உச்சியிலயும் கொக்கி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கே, எதுக்கு?”

“தெரியலைங்க. இருந்துச்சு, போட்டேன். விளக்கு மாட்டவோ என்னவோ.”

“வாடகை குடுக்காதவனைத் தொங்கவிட, மாமா,” என்றான் மறுமுனையைத் தாங்கிய அவர் மைத்துனன். “எனக்குக் கை மரத்துப்போச்சு.”

“வீடெல்லாம் முன்னாடி வேற சாயுதே?”

“எல்லாரும் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறாங்க. காலண்டர்லயும் அப்படித்தான் இருந்துச்சு.”

கேள்வியார் வீட்டின் அகலத்தைக் கண்ணால் அளந்தார். கட்டிலைக் குறுக்கே போட முடியாது. அதற்குள் படிக்கட்டு எவ்வளவு ஒல்லியாக இருக்கும்?

“மாப்ளே, இறக்குடா. அந்தக் கொக்கி கயிறு மாட்டிச் சாமான் ஏத்தத்தாண்டா! கயிறு எடு. வெளியால ஏத்துறோம்.”

மொட்டைமாடிக்கு ஏறி, கைப்பிடிச்சுவரில் சாக்கைப் போட்டு மாமனும் மைத்துனனும் இழுத்தார்கள். முதல் மாடி வரை சொன்ன பேச்சைக் கேட்ட பலகை, பிறகு சுவரில் உரசத் தொடங்கியது. இன்னும் இழுத்தால் ஜன்னல் சன்ஷேடில் சிக்கி உடையும். கீழே தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

கேள்வியார் எட்டிப் பார்த்தார். நெட்டுக்குத்தான சுவர், அதை ஒட்டியே இறங்கியது கயிறு. சட்டென்று சிரித்துவிட்டார்.

“சிரிக்கிற நேரமா மாமா இது?”

“அந்த வீடு ஏன் சாயுதுன்னு இப்பத்தாண்டா புரியுது! உச்சி முன்னாடி வந்தா கயிறும் முன்னாடி தொங்கும், சாமான் சுவத்துல உரசாது. இந்த வீடு நமக்காகச் சாயுமா? நாமதான் பலகையை வெளியே இழுக்கணும்.”

பலகையை இறக்கி, இன்னொரு கயிறு கட்டினார்கள். தச்சர் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்; தையல்காரம்மாவும் பிடித்தார். எதிர்ச்சாரியில் நின்று இவர்கள் வெளிப்பக்கம் இழுக்க, மொட்டைமாடியிலிருந்து அவர்கள் தூக்க, சுவரைத் தொடாமல் மேலே போனது பலகை. இரண்டாம் மாடியில் சவரம் செய்துகொண்டிருந்தவர், ஜன்னலில் ஒரு ஊரே ஏறிப்போவதைக் கண்டு கத்தியை அப்படியே பிடித்தபடி நின்றார்.

மைத்துனன் மூன்றாம் மாடிக்கு இறங்கி ஓடிவந்து பால்கனிக்குள் வாங்கிப்போட்டான். ஒரு கீறல் இல்லை.

பலகை சுவரில் சாய்ந்ததும் கேள்வியார் மறுபடி மூக்கை ஒட்டினார். “கொக்கிக்குக் கீழே கருப்பா இருக்கே, என்னது?”

“ஜன்னல். உள்ளே என்ன இருந்துச்சுன்னு தெரியலை, கருப்பை அப்பிட்டேன்.”

“ரெண்டு பேர் இருப்பாங்கம்மா. ஒருத்தன் மூச்சு வாங்கிட்டு நிப்பான்.”

“இன்னொருத்தன் டீ கேட்டுட்டு உக்காந்திருப்பான்,” என்றான் தரையில் சரிந்து கிடந்த மைத்துனன்.

தையல்காரம்மா சிரித்துக்கொண்டே, அடுப்பு எந்த மூட்டையில் இருக்கிறது என்று தேடப் போனார்.