ஈரல் சொல்லாத சாட்சி

கெபிருங்கி வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். ஸ்கேன் எடுக்கும் முஹெரேசா அவள் விலா இடுக்கில் பசையைத் தடவி, ஒரு குழலை வைத்து அழுத்தினான். டொக், டொக் என்று பத்துத் தட்டு. ஒவ்வொரு தட்டும் ஈரலுக்குள் ஓர் அலையை அனுப்பும். ஈரல் இறுக இறுக அலை வேகமாக ஓடும்.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?"

"பச்சத்தண்ணி பல்லுல படல."

உகாண்டாவின் கபாலே ஊரில் ஈரல் கெட்டவள் என்றால் குடிகாரிதான், வேறு பேச்சே கிடையாது. இவளோ இருபத்திரண்டு வருடமாக இரட்சிக்கப்பட்டவள், சாராயத்தைத் தொடாதவள். தன் பெட்டிக்கடையில் நாள் முழுக்கக் கலர் குடித்தாள், சர்க்கரையை அள்ளிப் போட்டு டீ குடித்தாள், அவ்வளவுதான் அவள் குடி. ஈரலில் கோளாறு என்ற சேதி எப்படியோ ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டது. அங்கே பாவத்தை எல்லார் முன்னாலும் எழுந்து சொன்னால்தான் மதிப்பு. "மறைக்காம ஒளிக்கு வா, சிஸ்டர்" என்றாள் கூட்டத்தை நடத்தும் எசேரி. சொல்லப் பாவமில்லாமல் இவள் வாயை மூடிக்கொண்டிருக்க, நான்கு மாதமாக இவளோடு யாரும் பெஞ்சில் உட்காரவில்லை. புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, மகன் குவைத்தில். வீட்டுக்கு ஒரு ஈ காக்கா வருவதில்லை. பாவி மகள், சுவரோடு பேச ஆரம்பித்திருந்தாள்.

"பதினொன்னு காட்டுது," என்றான் முஹெரேசா. "ஆறுக்குள்ள இருந்தா தேவல. தழும்பு விழுந்திருக்கும்மா. இனிப்பை விட்டு, உடம்பைக் குறைச்சா இதோட நிறுத்திடலாம்."

"அது கிடக்கட்டும் தம்பி. நான் குடிக்கலன்னு சீட்டுல எழுதிக் குடு."

"மெஷின் தழும்பைத்தான் அளக்கும். எதனால வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாதே! கொழுப்புதான்னு டாக்டரே எழுதியிருக்காரே?"

"அதையும் கூட்டத்துல காட்டினேன். டாக்டர் எனக்காக மூடி மறைக்கிறாராம்."

முஹெரேசா பசையைத் துடைக்கத் துணியைக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் கெபிருங்கி எழுந்து நின்றாள். ஸ்கேன் சீட்டு பையிலேயே இருந்தது.

"நான் குடிச்சேன்," என்றாள்.

அவ்வளவுதான், கூட்டமே எழுந்துவிட்டது! பாட்டென்ன, கைதட்டென்ன! ஒருத்தி மாற்றி ஒருத்தி வந்து கட்டிக்கொண்டார்கள். "என்னத்தக் குடிச்சே, சிஸ்டர்?" என்று எசேரி கண்ணீரோடு கேட்டாள். இவளுக்கு எந்தச் சாராயத்தின் பெயர் தெரியும்? பஸ் நிலைய விளம்பரப் பலகையில் பார்த்த பெயரைச் சொல்லிவைத்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்த அழுகை.

மதியமே ஐந்து பெண்கள் பாட்டில்களை உடைத்துப்போட அவள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கட்டிலுக்கு அடியில், மாவு டின்னில், தகரக் கூரை இடுக்கில் என்று துழாவினார்கள்.

"எங்கடி ஒளிச்சு வெச்சிருக்கே?" என்றாள் எசேரி, மூச்சு வாங்கிக்கொண்டு.

கெபிருங்கி ஆறு பேருக்கான வாழைக்காயை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவசரமில்லக்கா, நல்லாத் தேடுங்க. இன்னிக்குக் கிடைக்கலன்னா நாளைக்கும் வாங்க."