சும்மா தொங்கிய கேபிள்

நெட்வொர்க் படிப்பை முடித்து, பரீட்சையும் எழுதிப் பாஸ் பண்ணிவிட்டவளிடம் எல்லாக் கம்பெனியும் கேட்டது ஒரே கேள்விதான்: "அனுபவம் இருக்கா?" வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? அனுபவம் இருந்தால்தான் வேலை என்றால், முதல் அனுபவத்தை எந்தக் கடையில் போய் வாங்குவதாம்? கேட்டவர்கள் எல்லாம் என்னவோ பிறக்கும்போதே கையில் கேபிளோடு பிறந்தவர்கள் மாதிரி கேட்டார்கள்.

வீட்டில் தாய்மாமா முடிவே கட்டிவிட்டார். இன்றைய இன்டர்வியூவும் கைகூடாவிட்டால், திங்கட்கிழமை முதல் அவருடைய டைல்ஸ் கடையில் அவள் பில் போட வேண்டும். "கடையிலயும் கம்ப்யூட்டர் இருக்குல்ல?" என்றார் பெருந்தன்மையாக. அம்மாவும் தலையாட்டினாள். அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பது மகளுக்குத் தெரியும். டீச்சராகப் போகிறேன் என்று கிளம்பிய அக்கா, இன்னும் அங்கேதான் பாத்ரூம் டைல்ஸ் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

"நெட்வொர்க் ஹெட் மீட்டிங்ல இருக்கார். உக்காருங்க," என்று சொல்லிவிட்டு, இன்டர்வியூவுக்கு அழைத்த ஆபீஸின் வரவேற்பறைப் பெண் போனில் மூழ்கிவிட்டாள். வந்தவள் உட்கார்ந்தாள், உட்கார்ந்தாள், உட்கார்ந்துகொண்டே இருந்தாள். வரவேற்பு மேசைக்கு அடியில், கம்ப்யூட்டர்களை இணைக்கும் கேபிள்கள் செருகிய சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு கேபிளின் முனை மட்டும் கழன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. யார் காலோ பட்டுக் கழன்றிருக்கும் என்று நினைத்தாள். படித்த படிப்பு கையைச் சும்மா இருக்க விடவில்லை. குனிந்து, காலியாக இருந்த துளையில் செருகினாள். 'டிக்' என்று உட்கார்ந்தது. காலையிலிருந்து முதல்முறையாக மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. பெட்டியிலிருந்த விளக்குகள் எல்லாம் பேய் பிடித்ததுபோல் மின்ன ஆரம்பித்தன. உள்ளே யாரோ, "நெட் போச்சு!" என்று கத்தினார்கள். நெட் வழியாக ஓடிய வரவேற்பறைப் பெண்ணின் போன் பேச்சும் பாதியில் அறுந்தது. செருகியவள் கேபிளைக் கண்ணால் பின்தொடர்ந்தாள். அதன் மறுமுனையும் அதே பெட்டியில்தான் செருகியிருந்தது. லூப் என்பார்கள் இதை: அனுப்பிய தகவல் எல்லாம் அங்கேயே சுற்றிச் சுற்றிப் பெருகி, ஆபீஸையே மூச்சுத் திணற வைத்துவிட்டது. இதைப் பற்றிய கேள்விக்குப் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பிடுங்கிவிடலாம் என்றால், அதற்குள் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. நெட்வொர்க் ஹெட் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"இன்னைக்கு இன்டர்வியூ எல்லாம் இல்லம்மா. அப்புறம் பாக்கலாம்."

அப்புறமா? திங்கட்கிழமைக்கு அப்புறம் என்ன இருக்கிறது? பேசாமல் இருந்தால் இன்டர்வியூ போய்விடும். உண்மையைச் சொன்னால் கிடைக்கவிருக்கும் வேலையே போய்விடும். எப்படிப் பார்த்தாலும் டைல்ஸ்தான். போனால் போகட்டும் என்று குனிந்து கேபிளைப் பிடுங்கினாள்.

"சார், இத நான்தான் செருகினேன்," என்றாள் அவருக்கு மட்டும் கேட்கும்படி.

விளக்குகள் அடங்கின. கூட்டம் தன் பாட்டுக்குக் கலைந்தது. அவர் அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

"உங்களுக்கு அறிவு இருக்கா? யாரக் கேட்டுக் கை வச்சீங்க?"

இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்த ஆத்திரம் எல்லாம் அவளுக்குத் தொண்டைக்கு வந்தது. "தப்பு என்னோடதுதான் சார். ஆனா ஒரு கேபிளுக்கு ஆபீஸே படுத்துடுமா? மெயின் நெட்வொர்க் ஸ்விட்ச்ல லூப் தடுப்பு போட்டிருந்தா இந்தப் பெட்டியோட நின்னிருக்குமே. ஏன் போடல?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "ஏதோ வேலைக்காக நிறுத்தி வச்சேன். திரும்பப் போட மறந்துட்டேன். சத்தமாப் பேசாதீங்கம்மா." பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "எங்களுக்கு அனுபவம் உள்ள ஆள்தான் வேணும். சொல்லி அனுப்புறோம்," என்றார்.

முதலாளி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். "என்னய்யா ஆச்சு? எதனால போச்சு?" என்றவர் அவளைப் பார்த்தார். "இவங்க யாரு?"

எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டுக் கிளம்பிவிடுவது என்று அவள் வாயைத் திறந்தாள். ஹெட் முந்திக்கொண்டார்.

"நெட்வொர்க்குக்குப் புதுசா எடுத்திருக்கோம் சார். கோளாறக் கண்டுபிடிச்சதே இவங்கதான்."

"பரவாயில்லையே!" என்று அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு முதலாளி உள்ளே போய்விட்டார். ஹெட் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அவள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

கண் விழித்துப் படித்ததற்குக் கிடைக்காத வேலை, வாயை மூடிக்கொண்டதற்குக் கிடைத்திருக்கிறது. சந்தோஷம் வரவேண்டிய நேரத்தில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எப்ப வரணும் சார்?" என்று கேட்டாள்.