சுபபந்துவராளிக்கு அடியில்

அரிசி களைந்தபடி பாடிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஹில்டா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா ராகம்க்கா அது? வேலைக்குக் கெளம்ப உட மாட்டேங்குது."

"சுபபந்துவராளி," என்றேன். ஆவடிக்கு வந்த ஆறு வருஷத்தில் என் பாட்டைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

எங்கள் இருவரின் வீட்டுக்காரர்களுக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. ஹில்டா டெலிபோன் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பாள். அன்றிலிருந்து சுவர் வழியாகக் கேசட்டுகள் போய்வந்தன. நான் நாகஸ்வரம் கொடுத்தால் அவள் வெள்ளைக்காரர்களின் கோரஸ் கொடுப்பாள். எனக்கு முதலில் அது வெறும் இரைச்சல். "ஒரு குரல மட்டும் புடிச்சிகினு போங்கக்கா, மத்தது தானா கூட வரும்," என்றாள். அப்படிக் கேட்டபோதுதான், நாலு பேர் நாலு தெரு வழியாக நடந்து ஒரே வாசலில் வந்து சேர்வது எனக்குப் புரிந்தது.

1989 கோடையில் ஒரு மத்தியானம் என்னைப் பாடச் சொல்லிப் பதிவு செய்துகொண்டாள். தம்புரா கிடையாது. ஆலாபனை மட்டும், அரைமணி நேரம். இரண்டு மாதம் கழித்து ஒரு கேசட்டோடு வந்து போட்டாள்.

என் குரலுக்கு அடியில் கீபோர்டு மெதுவாக நகர்ந்தது. எங்கோ ஒரு பேஸ் கிடார். நான் மூச்சுக்கு நிறுத்திய இடங்களில் சர்ச்சுப் பெண்கள் வாய் திறக்காமல் அதே பிடியை முனகித் திருப்பித் தந்தார்கள். இத்தனை நாளும் அந்த ராகத்தில் நான் தனியாக அழுதுகொண்டிருந்தது போலவும், இப்போது யாரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தது போலவும் இருந்தது.

"உங்க பாட்டுல ஒரு ஸ்வரம்கூட மாத்தலக்கா. அடியில தரை போட்டேன், அவ்ளோதான்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றாக இருக்கிறது என்று வாய் திறந்து சொன்னேனா, நினைவில்லை. நவராத்திரிக்கு எல்லோருக்கும் போட்டுக் காட்டலாம் என்று சொன்னது மட்டும் நான்தான்.

குவார்ட்டர்ஸில் பாட்டுக் குழு நடத்திய ஜெகதாம்பாள் மாமி வீட்டுக் கொலு. இருபது பெண்கள் இருந்தார்கள். ஹில்டாதான் டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டாள். இரண்டு நிமிஷம்கூட ஓடியிருக்காது, மாமி கையை உயர்த்தினாள்.

"யாரு இதை இப்படிக் கெடுத்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து குழுவில் முன்வரிசையில் பாட எனக்கு இடம் தருவதாக மாமி சொல்லியிருந்தாள்.

"எனக்குத் தெரியாது மாமி. சும்மா பாடிக் குடுத்தேன். இவ இப்படிப் பண்ணுவான்னு..."

ஹில்டா என்னைப் பார்க்கவில்லை. பட்டனை அழுத்தி, கேசட்டை எடுத்து உறையில் போட்டுக்கொண்டாள். சுண்டலும் வாங்கிக்கொண்டுதான் போனாள். மறுநாள் எப்போதும்போல், "சாப்டீங்களாக்கா?" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு சுவர் வழியாக ஒரு கேசட்டும் வரவில்லை. நானும் கொடுக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அண்ணனூரில் சொந்த வீடு கட்டிப் போய்விட்டாள்.

நான் முன்வரிசையில் எட்டு வருஷம் பாடினேன். போன வாரம் மாமி ஒரு புதுக் கேசட்டைப் போட்டாள். ஆலாபனை, கூடவே சாக்ஸபோன், கிடார். "பேஷா இருக்குடி! என்ன கற்பனை பாரேன்," என்று தலையாட்டினாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

மறுநாள் ரயிலேறி அண்ணனூர் போனேன். ஹில்டாவின் காதோரம் நரைத்திருந்தது. காபி கொடுத்தாள். தயங்கித் தயங்கி அந்தக் கேசட்டைக் கேட்டேன்.

"அதுவாக்கா? அது மேலயே கொயர் பிராக்டிஸ் ரெக்கார்டு பண்ணிட்டேன்."

"ஹில்டா, அன்னிக்கு நான்..."

"உடுங்கக்கா."

எழுந்துபோய் ஜன்னலோரம் இருந்த கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தாள். முகம் சுவர்ப் பக்கம். வாசிக்கத் தொடங்கினாள். அதே தரை. ஓர் இடம்கூட மறக்கவில்லை. பாட்டு இல்லாமல் அது மட்டும் நகர்ந்து, என் குரல் எழ வேண்டிய இடத்துக்கு வந்து நின்றது.

ஹில்டா திரும்பிப் பார்க்கவில்லை. கட்டைகளிலிருந்து விரல்களை எடுக்கவும் இல்லை.