நிதானமாக இருந்தவர் ஒருவர்தான்

வெஸ்டர்ஸும் என்ற ஊரில் குளிர் வருகிறதோ இல்லையோ, நவம்பர் பிறந்ததும் பனிச்சறுக்குச் சங்கத்தார் புல்வெளிக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். பிறகு, அது உறைந்தால் மேலே சறுக்கி ஓடலாம் என்று வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஊர் இருக்கும் க்ரோனிங்கன் மாகாணத்தில் குளம் குட்டை கட்டியாக உறைந்து பல வருஷமாகிறது. மார்ச்சில் தண்ணீரை வடித்துவிட்டு, மிஞ்சிய சேற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கலைந்துபோவார்கள்.

இந்த வருஷம் அதற்குத் தடை போட்டவர் வேறு யாருமில்லை, சங்கத் தலைவர் ஃபோக்கோவேதான். கால்வாய் மதகுகளைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. இளவயதில் அந்தப் பனியில் அவரை முந்த ஆளில்லை. பிறகு சில காலம் குடியிலும் அப்படித்தான். அதை விட்டு மூன்று வருஷமாகிறது.

"அந்தப் புல்வெளித் தண்ணி முழுக்க உறையணும்னா ஒரு வாரம் கடுங்குளிர் வேணும். அது இனிமே வராது," என்றார் கூட்டத்தில். "தார் போட்டுடுவோம். மேல விரல் தடிமனுக்குத் தண்ணி விட்டா ரெண்டு ராத்திரியில உறைஞ்சிடும். உறையாத நாள்ல பிள்ளைங்க சக்கரக் காலணி மாட்டிக்கிட்டு சக்கரச் சறுக்கு ஓட்டட்டும்."

அறையே கொந்தளித்தது. பொருளாளர் டியார்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பா எங்கம்மாகிட்ட முதல்முதலாப் பேசினதே அந்தப் பனியிலதான்யா."

"தார் மேல நின்னும் பேசலாம் டியார்ட். யாரு வேணாங்கறா?"

பாதிரியார் எல்ஸ்பெத் அம்மையார் எழுந்து நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசினார். ஒருவர் பழைய பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கினார். முடிவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.

பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ரென்ஸ்கேவுக்கு ஃபோக்கோவை மெச்சத் தோன்றியது. அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். மாதந்தோறும் ஊர்ச்செய்தித் தாளை எழுதி அச்சிடுவதும் அவள்தான். அந்தப் பனியை இவ்வளவு நேசித்தவர், அது இனி இல்லை என்று அழாமல் சொல்கிறாரே, அதற்கு என்ன சொல் போடுவது? 'கறாரான' என்று எழுதிப் பார்த்தாள். வரி வசூலிக்க வந்தவர் மாதிரி இருந்தது. 'ஈரமில்லாத' என்றால் கல்நெஞ்சக்காரர் ஆகிவிடுவார். 'விவரமான' என்றால் எதையோ சுருட்டப் பார்க்கிறவர். கடைசியில் கிடைத்தது சொல். 'அன்று அந்த அறையில் நிதானமாக இருந்தவர் ஃபோக்கோ ஒருவர்தான்' என்று கட்டுரையை முடித்து, தன்னைத் தானே பாராட்டிக்கொண்டு அச்சுக்கு அனுப்பினாள்.

தாள் வீடுகளில் விழுந்த சனிக்கிழமை காலையிலேயே டியார்டின் மனைவி கிரீட்யே தொலைபேசியில் வந்தாள்.

"ரென்ஸ்கே, கூட்டத்துல காபி மட்டுந்தான் குடுத்தாங்கன்னு இந்த மனுஷன் சத்தியம் பண்றாரு. நீ என்னடான்னா இப்படி எழுதியிருக்க. எது நெசம்?"

ரென்ஸ்கேவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. தன் வரியை மறுபடி எடுத்துப் படித்தாள். குடிபோதையில் இல்லாதவரையும் ஊரில் 'நிதானமாக இருக்கிறார்' என்றுதான் சொல்வார்கள்.

ரொட்டிக்கடையில் எல்ஸ்பெத் அம்மையார் அவளை ஓரமாக அழைத்தார்.

"நான் அன்னிக்குக் குடிச்சது புதினாத் தேநீர்ம்மா. என்னைப் பாட்டுப் பாடினவங்களோட சேர்த்துட்டீங்களே."

வறுவல்கடை மென்னோவோ வருகிறவர்களிடமெல்லாம், "சங்கத்து ஆளா? அப்ப சாஸை நானே ஊத்தித் தர்றேன், உங்க கை ஆடும்," என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் கூட அவள் தாங்கிக்கொண்டாள். ஃபோக்கோவை நினைத்தபோதுதான் முகம் சுட்டது. அவர் குடியை விட்ட விஷயத்தை ஊரே பெரிய மனசு பண்ணிப் பேசாமல் இருந்தது. அவள் அதைப் போய் அச்சில் ஏற்றிவிட்டாளே.

மாலையில் ஃபோக்கோவே வந்து கதவைத் தட்டினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் வைத்த காபியில் சர்க்கரையைப் போட்டு வெகுநேரம் கலக்கினார்.

"நீ அதை எந்த அர்த்தத்துல எழுதின?"

"உன் புத்தியைச் சொன்னேன் ஃபோக்கோ. ஆசைப்பட்டதைப் பார்க்காம, உள்ளதைப் பார்த்துப் பேசினியே, அதை. குடியைச் சொல்லல, நெசமா."

"ஓ," என்றார். முகம் கொஞ்சம் வாடியது போலிருந்தது. "நீ குடியைத்தான் சொன்னன்னு நான் நெனச்சேன். அந்த வரியை வெட்டி ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டேன்."

ரென்ஸ்கே அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள்.

"மூணு வருஷமா ஒருத்தரும் வாயத் திறக்கல பாரு. எனக்குக் கஷ்டமா இருக்கும்னு விட்டுட்டாங்க போல. நல்லவங்கதான். ஆனா, ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்."

"ரெண்டும் சேர்த்துத்தான் எழுதினேன்னு வச்சுக்கோ."

"வச்சுக்கறேன்," என்றார் உடனே.

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பிறகு இருவரும் திருத்தம் எழுத உட்கார்ந்தார்கள். 'மற்றவர்களும் நிதானமாகவே இருந்தார்கள்' என்று அவள் எழுதினாள்.

"அது பொய்," என்றார் ஃபோக்கோ. "டியார்ட் அழுதான். ஒருத்தன் பாடினான்."

"பின்ன என்னன்னு போடறது?"

"நடந்ததைப் போடு."

மறுவாரம் தனித்தாளாக வீடுகளுக்குப் போன திருத்தம் இரண்டே வரிதான்: 'சங்கக் கூட்டத்தில் எல்லோரும் காபியும் தேநீரும் மட்டுமே அருந்தினார்கள் என்று தெரிவித்துக்கொள்கிறோம். இருந்தும் ஃபோக்கோ ஒருவர்தான் நிதானமாக இருந்தார்.'

ஊர் சிரித்தது. கிரீட்யே அதைக் கணவனுக்கு உரக்கப் படித்துக் காட்டியதாகக் கேள்வி.

அடுத்த கூட்டத்தில் அப்படி ஓர் அமைதியை அந்த அறை கண்டதில்லை. அத்தனை பேரும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, குரலை உயர்த்தாமல், தாரின் தடிமன் பற்றியும் வடிகால் பற்றியும் கேள்வி கேட்டார்கள். இன்னொரு தடவை ரென்ஸ்கேயின் பேனாவில் மாட்ட யாருக்கும் தெம்பில்லை. எல்ஸ்பெத் அம்மையார்கூட ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். கைகள் உயர்ந்தன. டியார்ட் மட்டும் கையைப் பாதியில் நிறுத்தினார்.

"அப்பாவும் அம்மாவும் நின்னு பேசின மூலையில ஒரு பெஞ்சு போடணும்."

"போட்டுடலாம்," என்றார் ஃபோக்கோ. "பெஞ்சு உறைய வேண்டியதில்லையே."

டியார்டின் கையும் உயர்ந்தது.

கலைந்து வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஃபோக்கோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரென்ஸ்கேயோடு நடந்தார்.

"சக்கரச் சறுக்கு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. இந்த வயசுல ஏறினா விழுந்து வாருவேன்."

இல்லையில்லை, விழமாட்டாய், நான் பிடித்துக்கொள்கிறேன் என்று வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். ஃபோக்கோ கொஞ்சம் யோசித்தார்.

"விழுவ," என்றார். "முட்டிக்குக் கவசம் வாங்கிக்கோ."

அவளுக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

மே மாதம் தார் போட்டார்கள். தாரின் வாடை அடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, ஊர்ப்பிள்ளைகள் சர்சர்ரென்று சுற்றிப் பறக்க, ரென்ஸ்கே ஃபோக்கோவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முதல் வளைவிலேயே, தேவாலயத்திலிருந்து வந்துகொண்டிருந்த கூட்டம் முழுக்கப் பார்க்க, தொப்பென்று விழுந்தாள். ஃபோக்கோ அவசரப்படாமல் குனிந்து தூக்கிவிட்டார். எழுந்து நின்றபிறகும் அவள் அந்த முழங்கையை விடவில்லை. விடச் சொல்லி அவரும் கேட்கவில்லை.